அகல வீல் அண்ணாதுரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணாதுரை தன் கொட்டகை வாசலில் குந்தி உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தார். வாய்க்கால் கரையில் வெட்டி வந்த மண். அதில் சிறுகல், நத்தை ஓடு, வேர்த்துண்டு எதுவும் இருக்கக் கூடாது. விரலால் துழாவித் துழாவிப் பொறுக்கி எறிந்தார். சப்பாத்தி மாவின் பதம் வரவேண்டும். ஒரு கை தண்ணீர் கூடிவிட்டால் ஒட்டாது, வழிந்துவிடும்.

"அந்தக் குண்டான எடுத்துட்டீங்களா?" என்று வீட்டுக்குள்ளிருந்து மனைவி அம்சத்தின் குரல் வந்தது.

"எடுத்துட்டேன்."

"அது அரிசி ஊறப் போடறதுங்க."

"அடியில ஓட்டைன்னு போன மாசம் நீதானே சொன்னே?"

"ஓட்டைன்னா அடைச்சுத் தர்றது. ஊரான் வீட்டு ஓட்டையெல்லாம் அடைக்கிற ஆளு, வீட்டுக் குண்டான்ல மண்ணு பெசையுது."

அண்ணாதுரை ஒரு நத்தை ஓட்டைப் பொறுக்கி எறிந்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் எந்த வாக்கியத்துக்குப் பதில் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது பழகிப் போயிருந்தது.

மன்னார்குடியிலிருந்து வடுவூர் போகும் சாலையில், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகை அவருடையது. வாசலில் பலகை: 'அண்ணாதுரை டிங்கர் ஒர்க்ஸ்'. அதன் கீழே இரண்டாவது வரியில் கொட்டை எழுத்தில், 'அகல வீல் மட்கார்டு செய்து தரப்படும்'. முதல் வரியை யாரும் படிப்பதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், பட்டுக்கோட்டை என்று எங்கிருந்து வந்தாலும் "அகல வீல் அண்ணாதுரை கடை எதுங்க?" என்றுதான் கேட்பார்கள். நசுங்கல் எடுக்க, துரு வெட்டி ஒட்டுப் போட எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறது. காருக்குக் கம்பெனி கொடுத்ததைவிட அகலமான சக்கரத்தை மாட்டி, அது மட்கார்டில் உரசாமல், மட்கார்டுக்கு வெளியேயும் நீட்டாமல் உள்ளே அடங்கி ஓடும்படி செய்ய இவர் ஒருத்தர்தான்.

மட்கார்டின் உள்விளிம்பைச் சூடு காட்டி உள்பக்கமாகப் படிய மடிப்பது முதல் வேலை. பாதி வண்டிகளுக்கு அதுவே போதும். போதாவிட்டால் மட்கார்டை வளைவோடு கீறி, வெளியே இழுத்து, நடுவில் தகரப் பட்டை வைத்துப் பற்றவைத்து, ஒட்டுத் தெரியாமல் தட்டி எடுக்க வேண்டும். இதெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியது. களிமண் மட்டும் அவராகக் கண்டுபிடித்தது. அதற்குக் காரணம் நாகூர் அஹமது கபீர்.

அது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. அஹமது கபீர் வெளிநாட்டிலிருந்து நான்கு அகலச் சக்கரங்களைக் கொண்டுவந்து காரில் மாட்டச் சொன்னார். அண்ணாதுரை விரல்கடை வைத்து அளந்தார், மடித்தார், தட்டினார். வண்டியைக் கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். பூப்போல ஓடியது. மூன்றாம் நாள் கபீர் பஸ்ஸில் வந்து இறங்கி, பேப்பரில் சுற்றிய ஒரு முழம் ரப்பர்த் தோலை மேஜைமேல் வைத்தார். குடும்பத்தோடு மூட்டை முடிச்சு ஏற்றிக் கிளம்பியவருக்குத் திருவாரூர் தாண்டுவதற்குள் டயர் உரிந்துவிட்டது. கோபப்படவில்லை. "அண்ணாதுரை, நீ வண்டிய அளந்தே. என் மாமியார அளக்கலையே" என்றார்.

அன்றிலிருந்து எந்த வண்டியையும் அவர் காலியாக ஓட்டிப் பார்த்து ஒப்படைத்ததில்லை. பின்சீட்டிலும் டிக்கியிலும் நான்கு நெல் மூட்டை ஏற்றுவார். மட்கார்டின் உள்விளிம்பு நெடுகப் பிசைந்த களிமண்ணை விரல் கனத்துக்குத் தடவுவார். வடக்கே அரை மைல் தூரத்தில் வாய்க்கால் பாலம் ஒன்று முதுகு தூக்கி நிற்கிறது. அதில் நான்கு தடவை ஏற்றி இறக்கித் திரும்பி வந்து மண்ணைப் பார்ப்பார். மண்ணில் டயர் பட்ட தடம் இருந்தால் மறுபடி சுத்தியல் எடுக்க வேண்டும்.

மூட்டைகள் அம்சத்தினுடையவை. குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கரில் அவள் சம்பா போட்டு, சாப்பாட்டுக்கென்று நிறுத்திக்கொண்ட நெல். "எங்க வீட்டு நெல்லு ஏறாத காரு இந்தத் தாலுகாவுல கெடையாது. நாங்கதான் இன்னும் பஸ்ஸுல போறோம்" என்பாள்.

மூட்டைகளோடு இன்னொரு மூட்டையும் போகும். அது மகள் தமிழ்நிலா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். மண்ணில் தடம் தெரிவதற்கு முன்னால் அவள் காதுக்குத் தெரிந்துவிடும். "அப்பா, சர்ருங்குது, சோத்துக்கைப் பக்கம்" என்பாள். பாலத்தில் நான்கு முறை ஏறி இறங்கி, "சத்தமில்லப்பா" என்று அவள் சொன்னால்தான் வண்டிக்காரருக்குப் போன் போகும். அண்ணாதுரையைப் பொறுத்தவரை அதுதான் சர்டிபிகேட்.

அந்தத் தமிழ்நிலா இப்போது மோட்டார் வாகன ஆய்வாளர். தஞ்சாவூரில் மெக்கானிக்கல் படித்து, பரீட்சை எழுதி, போன ஆடியில் விழுப்புரம் பக்கம் வேலையில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகு அப்பாவின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் முடித்த வண்டியைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழும், அவ்வளவுதான். வேலை ஜாஸ்தியாயிருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியவள், தலைவலி என்று படுத்துவிட்டாள். இப்போது கையில் போனோடு கொட்டகைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, கை கழுவிட்டு வாங்க. பேசணும்."

"மண்ணு காஞ்சிரும் பாப்பா. இங்கயே சொல்லு."

அவள் குனிந்து போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் அவரே இருந்தார். இதே கொட்டகை, பின்னால் இப்போது வேலைக்கு நிற்கும் அம்பாசடர். படம் எடுக்கும் வண்டிக்காரன் செந்தில்குமாரின் குரல் கேட்கிறது: "அண்ணே, இவ்ளோ அகலமா வீல் போடறோமே, ஆர்டிஓ புடிச்சா என்னண்ணே பண்றது?" திரையில் இருந்த அண்ணாதுரை மட்கார்டைத் தடவியபடி சிரிக்கிறார். "புடிக்கட்டுமே தம்பி. புடிக்கறதே நம்ம பொண்ணுதானே!" சுற்றி நின்றவர்கள் ஓவென்று சிரிக்கிறார்கள். கீழே எழுத்து ஓடுகிறது: 'இன்ஸ்பெக்டர் அப்பா கேரண்டி'.

அண்ணாதுரைக்கும் சிரிப்பு வந்தது. "நல்லாத்தான் எடுத்திருக்கான். மூஞ்சிதான் கொஞ்சம் கறுப்பா வுழுந்திருக்கு."

தமிழ்நிலா சிரிக்கவில்லை.

"எங்க ஆபீஸ் குரூப்புக்கே வந்துடுச்சுப்பா. மேலதிகாரி கூப்பிட்டாரு. செவ்வாக்கிழமை எழுத்துல விளக்கம் குடுக்கணுமாம். எனக்கு இன்னும் பயிற்சிக் காலமே முடியல."

அவர் கை மண்ணுக்குள்ளேயே நின்றது. "வெளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"எனக்குத் தெரியாதா? ஆனா வெளையாட்டுன்னு எழுதிக் குடுக்க முடியுமா?"

"இப்ப என்ன செய்யணும்கிறே?"

"வண்டிய பழையபடி ஆக்கிட்டா, ஆக்கியாச்சுன்னு போட்டோவோட எழுதுவேன். ஆக்கலேன்னா, இப்படித்தான் இருக்குன்னு எழுதணும். பொய் எழுத மாட்டேன்."

"அப்படி எழுதினா?"

"வேலை போனாலும் போகும். போகாட்டியும் இந்தப் பேச்சு என் கூடவே வரும்."

அண்ணாதுரை எழுந்து, குழாயடியில் கை கழுவினார். மண் நகக்கண்ணில் நின்றுகொண்டது. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: "நான் செய்யறது தப்பா பாப்பா?"

"ஆர்சி புக்ல இருக்கற மாதிரிதான் வண்டி இருக்கணும்பா."

"வெறும் டயர மாத்திக்கிட்டு, மட்கார்டுக்கு வெளிய நாலு விரல் நீட்டிக்கிட்டுப் போறானே, பின்னால வர்றவன் மூஞ்சில சேத்த வாரி அடிச்சுக்கிட்டு? நான் சக்கரத்த உள்ள அடக்கித்தானே குடுக்கறேன்?"

"அவனையும் விடறதில்ல. போன வாரம் ரெண்டு பேருக்கு எழுதினேன்."

அதற்குள் அம்சம் கரண்டியும் கையுமாக வந்து நின்று முழுவதையும் கேட்டிருந்தாள். "பெசஞ்சு வச்ச மண்ணுல கொஞ்சம் எடுத்து அந்த வாயில அப்பியிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "நீ வந்து நாஸ்டா தின்னு. தின்னாத்தான் யோசனை வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகிற போக்கில் குண்டானைக் காலால் ஓரம் தள்ளினாள்.

செந்தில்குமார் பத்து மணிக்கு வந்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தாவின் அம்பாசடரை அகல வீல் போட்டு ஓட்டிப் போக வேண்டுமென்பது அவன் ஆசை. இடப் பக்கத்து மட்கார்டு இரண்டும் கீறி, பட்டை வைத்து, பிரைமர் வரைக்கும் முடிந்திருந்தன. வலப் பக்கம் இன்னும் தொடவில்லை. அன்று இடப் பக்கத்துக்கு மண் தடவிப் பார்ப்பதாக இருந்தது.

அந்த அம்பாசடரை அண்ணாதுரைக்கு வேறு விதமாகவும் தெரியும். அவருடைய அப்பாவும் அம்மாவும் செந்தில்குமார் வீட்டு வயலில் நாற்றுப் பறித்து நட்டவர்கள். இந்த வண்டி எதிரே வந்தால் அப்பா சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்பார். இறங்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று பின்னாளில் சொன்னார், ஆனாலும் இறங்கினார். அந்த வீட்டுப் பேரன் "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு கொட்டகை ஸ்டூலில் உட்காருவது அண்ணாதுரைக்குப் பிடித்திருந்தது. வீடியோவில் வாய் நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றியது.

"தம்பி, அந்த வீடியோவ எடுத்துடுங்க" என்றார்.

"ஏண்ணே? சூப்பரா போகுதுண்ணே. உங்களுக்கு எவ்வளவு விளம்பரம் தெரியுமா?"

"பொண்ணுக்கு ஆபீஸ்ல கேள்வி வந்துடுச்சு. எடுத்துடுங்க. வண்டியையும் பழைய அளவுக்கே தட்டித் தர்றேன்."

செந்தில்குமார் ஸ்டூலிலிருந்து எழுந்தான். "வெளையாடாதீங்கண்ணே. வீடியோவ இப்பவே தூக்கிடறேன், இந்தாங்க. வண்டி ஏன்? கல்யாணத்துக்கு இருபது நாள்தானே இருக்கு?"

"பழைய வீல் உங்க வீட்டுல இருக்குல்ல? சாயங்காலம் அனுப்பி வைங்க. நாளைக்கு மத்தியானம் வண்டி ரெடி. கல்யாணத்துக்கு முன்னால வலது பக்கமும் சேத்து முழு பெயின்ட் அடிச்சுத் தர்றேன், அது என் பொறுப்பு. புது வண்டி மாதிரி இருக்கும்."

"புது வண்டி மாதிரி இருந்து என்னா செய்ய? எங்க தாத்தா வண்டி மாதிரில்ல இருக்கும்!" செந்தில்குமார் காரைச் சுற்றி வந்தான். "ஊருல அத்தனை பேருக்கும் செஞ்சு குடுத்தீங்க. என் வண்டி வர்றப்பதான் சட்டம் வந்துச்சா?"

"ஆமா தம்பி. உங்க வண்டி வர்றப்பதான் வந்துச்சு."

"கும்பகோணத்துல போயி செஞ்சுக்கறேன்."

"செஞ்சுக்கங்க. மூட்டை ஏத்திப் பாக்கச் சொல்லுங்க."

செந்தில்குமார் பைக்கை எடுத்தான். வீட்டு வாசலில் நின்ற தமிழ்நிலாவை ஒரு தடவை பார்த்தான். "பொண்ணு ஆபீசரானா தகரம் தொடக் கூடாதோ? சரிதான் போ, அண்ணாதுரை" என்று சொல்லிவிட்டுப் போனான். பேச்சிலிருந்து 'அண்ணே' போய்விட்டிருந்தது. ஆனாலும் சாயங்காலம் பழைய சக்கரங்கள் நான்கும் ஒரு லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. புதியவற்றை அதே ஆட்டோ ஏற்றிக்கொண்டு போனது.

தட்டி நீட்டுவதைவிட நீட்டியதைத் திருப்புவது இரண்டு மடங்கு வேலை. பட்டையை அறுத்து எடுத்தார். இரண்டு விளிம்பும் சூட்டில் அலை அலையாகப் புரண்டிருந்தன. ஒவ்வொரு அலையாகச் சுத்தியலால் தட்டி இறக்கிச் சேர்த்துப் பற்றவைத்தார். இருட்டுவதற்குள் பின் மட்கார்டு முடிந்தது. மறுநாள் விடியக்காலை முன் மட்கார்டை எடுத்தார். பெயின்டர் இர்பான் எட்டு மணிக்கு வந்தான். இருபது வருஷமாக அவர் தட்டியதற்கு இவன் பூசுகிறான். நடந்ததை அம்சம் சொல்லக் கேட்டுவிட்டுப் பட்டி தேய்க்க ஆரம்பித்தான்.

பத்து மணி டீக்குப் பிறகு அண்ணாதுரை வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "இர்பானு, அந்த ரெண்டாவது வரி மேல பிரைமர ஓட்டிவிட்டுடு."

"எந்த ரெண்டாவது வரிண்ணே?"

"பலகையில எத்தனை ரெண்டாவது வரி இருக்கு?"

இர்பான் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டாவது வரி சாம்பல் நிறத்தில் ஒரு நீளப் பட்டையாக மாறியது. வீட்டு ஜன்னலிலிருந்து தமிழ்நிலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதைக் கேட்கவில்லை. வண்டியைத்தான் கேட்டாள்.

இடப் பக்கத்துக்கு இர்பான் பிரைமர் அடித்து முடித்ததும், மத்தியானம் பழைய சக்கரங்களை மாட்டியாயிற்று. பழைய அளவுக்குப் பழைய சக்கரம், பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் அண்ணாதுரை நேற்றுப் பிசைந்த மண்ணைத் தண்ணீர் தெளித்து மறுபடி பதமாக்கி, நான்கு மட்கார்டிலும் தடவினார். அம்சத்தின் மூட்டைகளை இர்பானும் அவரும் தூக்கி வைத்தார்கள்.

"வெறும் வண்டியா ஓட்டினா ஆகாதா?" என்றாள் அம்சம்.

"ஆகாது."

தமிழ்நிலா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தாள். "எழுதறதுக்கு நானும் பாக்கணும்ல" என்றாள். மூட்டைகளுக்கு நடுவில் இப்போது அவ்வளவு இடமில்லை. கால்களை ஒடுக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. கொள்முதல் நிலையத்து வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. பாலத்தில் ஏறி இறங்கினார்கள். ஒரு தடவை, இரண்டு, மூன்று, நான்கு.

"சத்தமில்லப்பா" என்றாள்.

திரும்பி வந்ததும் அவள் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தாள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். இடப் பக்கத்தில் ஒட்டு எங்கே என்று உள்ளங்கையால் தேடினாள், கிடைக்கவில்லை. மண் வைத்தது வைத்தபடி வழவழவென்று இருந்தது. எட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். செந்தில்குமார் வரவில்லை. அவன் வீட்டு டிரைவர் வந்து வண்டியை எடுத்துப் போனார்.

நான்கு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்ப வேண்டும். அறையில் கட்டிலின்மேல் பையை வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்சம் கொடுத்த முறுக்கு டப்பா, எலுமிச்சங்காய் ஊறுகாய், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். அண்ணாதுரை துண்டில் கையைத் துடைத்தபடி வந்து கதவோரம் நின்றார்.

"விளக்கம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். பஸ்ஸுல ஒரு தடவை படிச்சுட்டு அனுப்பிடுவேன்."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன்."

"நம்மகிட்ட இனிமே நசுங்கல், துரு, ஒட்டு. அது போதும். அதுக்கே நாள் பத்தல."

அவள் தலையசைத்தாள். ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவர் போகாமல் நின்றார். கழுவிய பிறகும் மணிக்கட்டில் ஒரு கோடு மண் காய்ந்து வெளுத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினார்.

"பாப்பா, அந்த வீடியோவுல எடது பக்கம் பாத்தியே. பின்னாடி மட்கார்டு."

"ம்."

"நேத்து மண்ணு தடவறதுக்குள்ளதான் இதெல்லாம் ஆயிப்போச்சு. ஏத்திப் பாக்கவே இல்ல. அந்த அகல வீலோட, நாலு மூட்டையும் வச்சு, பாலத்துல ஏறியிருந்தா..." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சத்தம் வந்திருக்குமா?"

தமிழ்நிலா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஜிப் நடுவில் சிக்கியது, பின்னுக்கு இழுத்து மறுபடி மூடினாள். அப்பாவின் மணிக்கட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, ஏற்கெனவே கழுத்து வரைக்கும் நிறைந்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போகிறவள் போல அவரைத் தாண்டி அறையை விட்டு வெளியே போனாள்.